ஜமைக்காவில் ஒரு தீபாவளி

அடி மீனா,

நம்ம ஊர் வம்பெல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது என் கைவசம் இருப்பது கிங்ஸ்டன் வம்பு.

'திவாலி' என்றொரு டான்ஸ்ஹால் (ஜமைக்கா ஆட்டப்பாட்டு) தொகுப்பு, லண்டன் கிரீன்ஸ்லீவ்ஸ் கம்பெனி 2002-இல் போட்டது. ஆமாம்டி, நம் தீபாவளியேதான்! தாளத்தைக் கட்டியவர் ஜமைக்காக்காரர், ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன். 1845 முதல் கரும்புத் தோட்டத்துக்கு இந்தியர்களைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கிய தீவு அது. பண்டிகைப் பெயர் காதில் விழாமலா இருக்கும்? பாட்டில் மத்தாப்பும் இல்லை, வெடியும் இல்லை. தட்டு தட்டென்று கைதட்டல்தான்.

வேடிக்கை என்னவென்றால், தொகுப்பு முழுக்க ஒரே தாளக்கட்டு. 'ரிடிம்' என்பார்கள். ஒருவர் அடித்துக் கொடுத்துவிடுவார். அதன்மேல் ஆளுக்கொரு பாட்டு. நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று தலையில் அச்சடித்திருக்குமே, அப்படி. 1974-லேயே ரூப்பி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமை வைத்து 'யமஹா ஸ்காங்க்' என்று முழு இசைத்தட்டே போட்டுவிட்டார்.

காப்பி என்று சண்டை இல்லையே தவிர, போட்டி உண்டு. ஷான் பால் இந்தக் கைதட்டலில் 'கெட் பிஸி' பாடி, 2003 மே மாதம் அமெரிக்க பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். வெய்ன் வொண்டர் இதிலேயே குழையக் குழையக் காதல் பாடி 11-ஆம் இடம். என்னைக் கேட்டால் இவர்தான் உசத்தி. தொகுப்பு வந்தபிறகு நியூயார்க்கிலிருந்து லுமிடீ என்ற பெண் கிளம்பி வந்து, அதே தாளத்தில் 3-ஆம் இடம்! சுருதி அங்கங்கே நழுவுகிறது, யாரும் சட்டை செய்யவில்லை. தொகுப்பில் பாடிய எலிஃபண்ட் மேன் இருக்கிறாரே, சின்ன வயதில் காது பெரிது என்று கேலி செய்திருக்கிறார்கள். மனிதர் அதையே மேடைப் பெயராக்கிக்கொண்டார். எப்படி?

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பவுண்டி கில்லரின் 'சஃபரர்'. மற்றவர்கள் ஆட வா, ஆட வா என்று கூப்பிட, இவர் ஏழைபாழைகளின் பாட்டைச் சொல்கிறார். தாளம் குதிக்கிறது, ஆள் குமுறுகிறார். ஒரே ரிடிமில் இப்படியும் பாடலாம் என்று காட்டத்தானே இந்த ஏற்பாடே!

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சமையலறையில் வைத்து முழுசாகக் கேட்காதே, நாலாவது பாட்டிலேயே தலைவலி வரும். இது தெருவில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி ஆடுகிறவர்களுக்கானது. தட்டுப் போடுகிறவர் தாளத்தை நிறுத்தவே மாட்டார், பாடகரை மட்டும் சட்டென்று மாற்றுவார். ஆடுகிறவர் கால் நிற்காது.

முதலில் பவுண்டி கில்லர், அப்புறம் வெய்ன் வொண்டர், ஷான் பால் கடைசியில். யார் உசத்தி என்று உடனே எழுது. உன் வீட்டுக்காரர் அபிப்பிராயம் வேண்டாம்.

உன் பிரிய சிநேகிதி