திம்பம் வழியே மிதிவண்டியில்

மைசூரிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப் பாதை சாமராஜநகரத்தோடு நின்றுவிடுகிறது. சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம் வரை அதனை நீட்டும் திட்டம், இடையிலுள்ள காட்டின் பொருட்டு நிறைவேறவில்லை. அதற்கப்பால் தாயகம் செல்ல மலைச்சாலையே துணை. ரயில்வே எழுத்தராகிய நாம் சென்ற விடுமுறையில் நண்பர் இருவரோடு அவ்வழியே மிதிவண்டியிற் சென்றோம்.

ஆசனூர் கடந்தால் திம்பம். அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் பண்ணாரியை நோக்கி இறங்குகின்றன. ஏற்றத்தினும் இறக்கமே கடினம். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தல் வேண்டும். இடைவிடாது பிடித்தால் சக்கர விளிம்பு சூடேறும்.

2013இல் புலிகள் காப்பகமான இவ்வனத்தில், சாலையினின்று பிரியும் சரளைப் பாதைகள் விலங்கினத்திற்கும் வனக்காவலர்க்கும் உரியவை, நாம் நுழையலாகாது. இரவில் சரக்கு வண்டிகளுக்கு 2022 முதல் தடையுண்டு. பொழுது சாயுமுன் பண்ணாரியம்மன் கோயிலை அடைதலே முறை.

ரயில் வாராமை நமக்கு வருத்தமே. ஆயினும் யானைக்கு வழிவிட்டு ஊர் செல்ல, நமக்கு இவ்வொரு சாலை போதும்.