கேள்விக்குள் ஒரு கேள்வி

தமிழில் கேள்வி கேட்பது ரொம்ப சுலபம் மக்களே. "பேங்க் எங்கே இருக்கு?" என்று நேராகக் கேட்கலாம். கொஞ்சம் மரியாதையாக, "பேங்க் எங்கே இருக்குன்னு சொல்ல முடியுமா?" என்றும் கேட்கலாம். உள்ளே இருக்கிற கேள்வியில் ஒரு சொல்லும் இடம் மாறாது. பின்னால் ஒரு "-ன்னு" ஒட்டினால் வேலை முடிந்தது.

ஆங்கிலத்தில் இங்கேதான் கண்ணி. நேர்க்கேள்வி "வேர் இஸ் தி பேங்க்?" வினைச்சொல் முன்னால், எழுவாய் பின்னால். அதையே மரியாதையாகக் கேட்டால், "குட் யூ டெல் மீ வேர் தி பேங்க் இஸ்?" அந்த "இஸ்" ஓடிப்போய்க் கடைசியில் நிற்கிறது!

என் நண்பன் ஒருவன் தமிழ் மீடியத்தில் படித்தவன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் புலி. போன மாதம் ஒரு நேர்காணலில், "மே ஐ நோ வாட் இஸ் தி சாலரி?" என்று கேட்டிருக்கிறான். எதிரே இருந்தவர் திருத்தியதோடு நிற்காமல் சிரித்தும் விட்டார். அன்றிலிருந்து பயல் ஆங்கிலத்தில் வாயே திறப்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். கேள்வி என்றால் திருப்பிப் போடு என்றுதான் பள்ளியில் வருடக்கணக்காக மனப்பாடம் செய்தோம். அவன் அதைத்தான் செய்தான். எங்கே திருப்பக் கூடாது என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

விஷயம் இவ்வளவுதான். "டூ யூ நோ", "கேன் யூ டெல் மீ" என்று ஆரம்பித்துவிட்டால், கேள்வியின் வேலையை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒரே வவுச்சருக்கு இரண்டு தடவை பணம் கொடுப்போமா? உள்கேள்வி சாதாரண வாக்கியம் மாதிரி, எழுவாய்க்குப் பிறகு வினை என்று போகும். "வாட் டஸ் ஹி வாண்ட்?" என்பதில் உள்ள "டஸ்" காணாமல் போய், "டூ யூ நோ வாட் ஹி வாண்ட்ஸ்?" ஆகிவிடும். "இஸ் ஹி கமிங்?" என்றால் நடுவில் ஒரு "இஃப்" வரும்: "டூ யூ நோ இஃப் ஹி இஸ் கமிங்?" நம்ம "வர்றானான்னு" என்பதில் உள்ள "ஆ" செய்கிற வேலையை அங்கே "இஃப்" செய்கிறது. "ஹூ கேம்?" மட்டும் மாறாது. அங்கே "ஹூ"தான் எழுவாய்.

இன்னொரு சங்கதி. அயர்லாந்தில் பேச்சுவழக்கில் "ஐ ஆஸ்க்ட் ஹிம் வாஸ் ஹி கமிங்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அதை அந்த ஊர் ஆங்கிலத்தின் இயல்பு என்கிறார்கள் மொழியியல்காரர்கள். நம்ம பையன் உள்கேள்வியைத் திருப்பினால் மட்டும் சிரிப்பு.

விதியைக் கற்றுக்கொள்வோம், தேர்வுக்கும் வேலைக்கும் அது வேண்டும். ஆனால் அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டாம். அந்த மனிதருக்குக் கேள்வி புரியாமல் இல்லை. புரிந்ததால்தானே திருத்தினார்?

கடைசி வரை சம்பளம் எவ்வளவு என்று மட்டும் அவர் சொல்லவே இல்லையாம்!