கறுக்கக் கறுக்க மருந்து!

மதுரையில் மீனாட்சியம்மனைத் தரிசித்த கையோடு சுங்குடிச் சேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள், தெரியும். இந்த முறை கீழமாசி வீதிப் பக்கமும் நாலு எட்டு வையுங்கள். மளிகைக் கடைகளும் நாட்டு மருந்துக் கடைகளும் நிறைந்த வீதி; வாசனையே வழி காட்டும்.

அங்கே உப்பு நார்த்தங்காய் கேளுங்கள். சுருளாக அரிந்து, கல்லுப்பு அடைத்து, ஜாடியில் ஊறவைத்து, சுள்ளென்ற சித்திரை வெயிலில் உலர்த்தியது. வருஷம் ஏற ஏறக் கறுக்கும். கறுத்ததற்குத்தான் மதிப்பு! வயிற்று மந்தமா, பித்தமா, மசக்கைக் குமட்டலா? பாட்டிமார் ஒரு துண்டு கிள்ளி வாயில் போடுவார்கள்.

சீனத்துப் பாட்டிமாரும் இப்படித்தான். குவாங்டுங் மாகாணத்துச் சின்ஹுய் ஊரில் ஆரஞ்சுத் தோலை உலர்த்தி, 3 வருஷமாவது பழசாக்குகிறார்கள். 'சென்பீ' என்று பெயர். அஜீரணத்துக்கும் கோழைக்கும் மருந்து. வாத்துக் குழம்பிலும் விழும்!

ஆனால், அவர்கள் தோலை மட்டும் உலர்த்துகிறார்கள், உப்பு கிடையாது. நம்முடையதிலோ உப்பு தாராளம். ஆகவே, வீட்டில் ரத்தக் கொதிப்புக்காரர் இருந்தால், 'மருந்துதானே' என்று தினமும் இலையில் வைத்துவிடாதீர்கள். மசக்கைக்காரிக்கும் கொதிப்போ, கால் வீக்கமோ இருந்தால் டாக்டரைக் கேட்ட பிறகே ஜாடியைத் திறவுங்கள்.