எண் சொல்லும் குறிகாரி

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் மடிக்கணினிக்கு மின்னூட்டி வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். விலைச்சீட்டு எதிலும் 'கம்ப்யூட்டர்' இல்லை. 'டோல்வா' என்றுதான் இருந்தது. கல்லாவில் இருந்த இளைஞர் என்னிடம் சரளமாக ஆங்கிலம் பேசினார். பக்கத்தில் நின்ற சக ஊழியரிடம் திரும்பியதும் அவர் வாயிலும் டோல்வாதான்.

இரண்டு சொற்கள் கலந்து பிறந்த சொல் இது. 'டாலா' என்றால் எண். 'வோல்வா' என்றால் குறி சொல்பவள். கையில் கோலுடன் பண்ணை பண்ணையாகச் சென்று, வரப்போவதை உரைப்பாள் என்கின்றன பழங்கதைகள். இரண்டும் சேர்ந்தால், எண்களைக் கொண்டு குறி சொல்பவள்!

1964ஆம் ஆண்டின் இறுதியில் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு ஐபிஎம் 1620 கணினி வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் சிகுர்தூர் நோர்டால் இந்தச் சொல்லை உருவாக்கினார். அவர் பொறியாளர் அல்லர். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த இலக்கியப் பேராசிரியர். உலகத்தின் தோற்றத்தையும் அழிவையும் ஓடின் கடவுளுக்கு ஒரு குறிகாரி சொல்வதாக அமைந்த பழம்பாடல் 'வோலுஸ்பா'. அதற்கு 1923லேயே உரை எழுதியவர் அவர். புதிய இயந்திரத்துக்குப் பெயர் தேடியபோது, பல ஆண்டுகளாகப் பழகிய அந்தக் கிழவி நினைவுக்கு வந்ததில் வியப்பென்ன?

அந்தப் பாடல் உள்ள 13ஆம் நூற்றாண்டுத் தோல்சுவடி, சுமார் 300 ஆண்டுகள் டென்மார்க்கில் இருந்தது. 1971ல் அது கப்பலில் நாடு திரும்பியபோது துறைமுகத்தில் மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள்.

இலக்கணப்படி 'டோல்வா'தான் சரி. ஆனால் பலர் பேச்சில் அது 'டல்வா' ஆகிவிடுகிறது. ஆசிரியர்களும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பிழை பிடித்திருந்தது. புழங்கும் சொல்தானே திரியும்? நம் 'கணினி'யை யாரும் தப்பாகச் சொல்வதில்லை, வீட்டில் சொன்னால்தானே!

குறிகாரிக்குப் பிள்ளைகளும் உண்டு. மடிக்கணினி 'ஃபார்டோல்வா', அதாவது பயணக் குறிகாரி. மின்னஞ்சல், குறிகாரியின் தபால். கைக்கணினி 'ஸ்ப்யால்ட்டோல்வா', பலகைக் குறிகாரி. மறுநாள் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு சிறுமி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தம்பிக்குத் தர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவர்கள் பேசியதில் எனக்குப் புரிந்தது அந்த ஒரு சொல் மட்டும்தான்.