அலகில்லாத எண்ணை அலட்சியம் பண்ணாதே

நியூ லின்,
ஆக்லாந்து

செல்லக்குட்டி பாப்புவுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. துவைத்த துணி லேசில் காய மாட்டேன் என்கிறது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீயாவது மறைக்காமல் எழுது. நான் கேட்டால் "ஒண்ணுமில்லடி" என்று போனை வைத்துவிடுகிறாள்.

உன் மேல் எனக்குக் கோபம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடத்திலேயே பரிமாணமற்ற அளவுகளைத் தாண்டிப் போய்விட்டாயாமே? "அலகே கிடையாது, அதுல படிக்க என்ன இருக்கு" என்று வாயாடினாயாம். அப்புறம் பரீட்சையில் திரிபுக்கு மீட்டர் என்று எழுதி மார்க்கையும் விட்டிருக்கிறாய். தேவையா இது?

அலகில்லாத எண்ணை நீ முன்பே பார்த்திருக்கிறாய். சுவாமிமலைச் சிற்பப் பட்டறையில் ஸ்தபதி ஓலையை மடித்துக்கொண்டிருந்தபோது, "ஸ்கேல் இல்லையா சித்தி?" என்று என் காதைக் கடித்தாயே, நினைவிருக்கிறதா? அதற்குப் பெயர் ஒடியோலை. சிலையின் உயரத்துக்குத் தென்னங்கீற்றை நறுக்கி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. சாண் உயரச் சிலைக்கும் 124தான், ஆளுயரச் சிலைக்கும் 124தான். நீளத்தை நீளத்தால் வகுத்ததும் அங்குலம், சென்டிமீட்டர் எல்லாம் அடிபட்டுப் போய்விடும்.

எங்கள் நியூ லின்னிலும் இதே கதைதான். களிமண்ணால் பிழைத்த ஊர் இது. செங்கல், குழாய், பிறகு கிரௌன் லின் கோப்பைகள். அந்தக் கோப்பை ஆலையை 1989-ல் மூடிவிட்டார்கள். ஆம்ப்ரிகோ பிளேஸில் பழைய சூளை ஒன்று இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே தே தோய் உக்கு என்ற மண்பாண்ட அருங்காட்சியகம். ஈரக் களிமண் காய்ந்து, வெந்து வெளியே வரும்போது சுருங்கிவிடும். அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும். பத்தில் ஒரு பங்கு சுருங்குகிற மண் என்று வைத்துக்கொள். 10 சென்டிமீட்டர் 9 ஆகும். 10 அங்குலமும் 9 ஆகும். 1969 முதல் 1976 வரை இந்த நாடு அங்குலத்தையும் பவுண்டையும் விட்டு மெட்ரிக்குக்கு மாறியது. அளவுகோலை மாற்றலாம், தராசை மாற்றலாம், அந்த 0.1-ஐ மட்டும் யாரும் தொடவே வேண்டாம். நீ மீட்டர் போட்ட திரிபும் இதே ஜாதிதான். நீள மாற்றத்தை முதல் நீளத்தால் வகுத்தது.

இன்னொரு இடத்திலும் ஏமாந்துவிடாதே. ரேடியன், வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தது. பரிமாணம் கிடையாது, ஆனால் பெயர் உண்டு. அதை எதில் சேர்ப்பது என்று அளவியல் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள்: 1960-ல் துணை அலகு என்று தனியே வைத்து, 1995-ல் அந்த வகையையே எடுத்துவிட்டு வழி அலகுகளோடு சேர்த்தார்கள். உங்கள் கூடத்து ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் நொடிக்கு 5 சுற்று. கோணத் திசைவேகம் கேட்டால் அந்த 5-ஐ எழுதிவிட்டு வராதே. 2π-ஆல் பெருக்கு. நொடிக்குச் சுமார் 31.4 ரேடியன். இரண்டுக்கும் பரிமாணம் ஒன்றே என்பதால் பரிமாணச் சோதனை இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது. நீதான் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். ஒளிவிலகல் எண்ணுக்கு ஏன் அலகில்லை என்று புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். அதற்குள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு வா. போகவில்லை என்றால் பாடம் கேட்க மாட்டேன், இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டத்தான் செய்வேன்.

ஆசையுடன்,
சித்தி