ரன் என்றால் ஓடு.. அவ்வளவுதானா?

ரன் என்றால் ஓடு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு விஷயம் முடிந்தது என்றுதான் தமிழ் மீடியத்தில் படித்த அந்தப் பையன் நம்பிக்கொண்டிருந்தான், பொறியியல் கல்லூரியில் முதல் செமினார் எடுத்த நாள் வரை.

பாதிகூட முடியவில்லை. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யூ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்" என்றார். பதற்றத்தில் அவன் காதில் விழுந்தது ரன்னிங், அவுட் இரண்டும்தான். வெளியே போகச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நோட்டை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்துவிட்டான். வகுப்பே சிரித்தது.

கொடுமை என்னவென்றால், அந்த வாக்கியத்தில் அவனுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவர்களை யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை.

ரன்னோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்தால் ஆளே மாறிவிடுகிறது. ரன் அவுட் ஆஃப் என்றால் தீர்ந்துபோவது. நேரம், சர்க்கரை, பெட்ரோல் எது வேண்டுமானாலும் தீரலாம். (கிரிக்கெட் ரன் அவுட் தனிக்கதை!) சுவரில் ரன் இன்டு என்றால் மோதல், நண்பரை என்றால் எதிர்பாராத சந்திப்பு. குட்டிச் சொல் சேராவிட்டாலும் தொல்லைதான். கடையை ரன் செய்கிறவர் ஓடுவதே இல்லை, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் தேர்தலுக்கு ரன் செய்கிறார்கள், இங்கிலாந்தில் ஸ்டாண்ட். நம்மூர் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார், ஓடுவதெல்லாம் தொண்டர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரே வினைச்சொல்லை அலசிப் பார்க்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 2011இல் செய்தி வந்தது: மொத்தம் 645 அர்த்தங்கள்! 1989 பதிப்பில் 430 அர்த்தங்களோடு முதலிடத்தில் இருந்த 'செட்' பின்னுக்குப் போனது. பாவம், அந்தப் பையனுக்குக் கிடைத்தது 645இல் ஒன்று.

நம்ம 'ஓடு' மட்டும் லேசுப்பட்டதா என்ன? படம் நூறு நாள் ஓடுகிறது. மனசுக்குள் ஏதேதோ ஓடுகிறது. வீட்டில் சம்மதிக்காத காதலர்கள் ஓடிப்போகிறார்கள். 2002இல் வந்த 'ரன்' படம்கூட நன்றாகத்தான் ஓடியது.

செமினார் முடிந்து ஒரு மாதம் ஹாஸ்டலில் அந்தப் பையனை 'ஓட்டு ஓட்டு' என்று ஓட்டினார்கள். அகராதியை வைத்துத் தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் யாராவது அதைக் கேட்டிருந்தால், எந்த வண்டியை என்று வாசலில் போய்த் தேடியிருப்பார்.