சாவி ஒப்படைக்கப்பட்டது

நான் எழுதிய முதல் கோப்புக் குறிப்பில் பதினொரு வரிகள் இருந்தன. செக்‌ஷன் ஆபீசர் தஞ்சாவூர்க்காரர். குறிப்பை வாங்கிப் படித்தார், பென்சிலை எடுத்தார், எட்டு வரிகளை அடித்தார். மிச்சமிருந்த மூன்றில் ஓரிடத்தில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து தனியாக நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "யாருப்பா இது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"நீ யாருன்னு கவர்மென்ட்டுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்." அந்த எழுத்தையும் அடித்துவிட்டு, 'சமர்ப்பிக்கப்படுகிறது' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை எழுதிக் கொடுத்தார்.

அது 1988. ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்திய அசிஸ்டென்ட் கிரேடு தேர்வில் தேறி, வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டு டெல்லிக்கு வந்திருந்தேன். ஆணையில் 'ஐ.எஃப்.எஸ்.' என்று இருந்தது, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு 'பி'. அப்பா அடைப்புக்குறியைப் படிக்கவில்லை. பையன் தூதராகப் போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த ஓர் எழுத்தை ஊருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு முப்பத்தாறு வருஷ சர்வீஸ் போதவில்லை. இப்போதும் யாராவது கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறேன்.

இந்திய வெளியுறவுப் பணி என்று பத்திரிகைகள் எழுதுவது 1946 அக்டோபரில் உருவான 'ஏ' பிரிவை. யு.பி.எஸ்.சி. எழுதி, முசௌரியில் தொடங்கி, டெல்லியில் பயிற்சி முடித்து, அரபியோ சீனமோ ரஷ்யனோ ஸ்பானிஷோ ஒரு மொழியைக் கட்டாயமாகக் கற்று, மூன்றாம் செயலராகத் தொடங்கித் தூதர்வரை போகிறவர்கள். 'பி' பிரிவு 1956இல் வந்தது. அதன் விதிகள் 1964ஆம் வருஷத்தவை. எழுத்தர்கள், அசிஸ்டென்ட்கள், செக்‌ஷன் ஆபீசர்கள், அண்டர் செக்ரட்டரிகள் எல்லாம் இதில் அடக்கம். சுருக்கெழுத்தர்களுக்குத் தனி வரிசை, சங்கேதச் செய்தி பார்க்கும் சைஃபர்காரர்களுக்குத் தனி வரிசை. மொழிபெயர்த்துப் பேசுகிறவர்களும் ஒப்பந்தங்களைப் பார்க்கும் சட்ட அதிகாரிகளும் வேறு வாசல் வழியாக வருகிறவர்கள். அசிஸ்டென்ட் என்பதை இப்போது அசிஸ்டென்ட் செக்‌ஷன் ஆபீசர் என்கிறார்கள். பெயர் நீண்டிருக்கிறது, மேஜை அதே மேஜை. எங்கள் வரிசையிலிருந்து ஏறிப்போய் 'ஏ' பிரிவில் சேர்ந்தவர்கள் உண்டு. சிறிய நாடு ஒன்றில் தூதராகவே உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்கள் பதவி ஏற்கும் நாளில் டெல்லி செக்‌ஷன்களில் லட்டு கொடுப்பார்கள்.

இந்த வேலையை மற்ற அரசாங்க வேலைகளிலிருந்து பிரிப்பது பதவிப் படிகள் அல்ல, மாற்றல்தான். தாலுகா ஆபீசில் ஒருவர் இருபது வருஷம் ஒரே அறையில் இருக்க முடியும். எங்களுக்கு ஓர் ஊரில் மூன்று வருஷம், கஷ்டமான ஊர் என்றால் இரண்டு. ஊர்களுக்கு 'ஏ', 'பி', 'சி' என்று தரம் உண்டு. கடைசியில் இருப்பது 'சி ஸ்டார்'. ஓட்டலுக்கு நட்சத்திரம் கூடினால் வசதி கூடும். எங்களுக்கு நட்சத்திரம் விழுந்தால் குண்டுச் சத்தமோ மலேரியாவோ கூடும். வெளிநாட்டில் ஒன்றோ இரண்டோ போஸ்டிங், பிறகு டெல்லி, மறுபடி பெட்டி கட்டல். என் மகள் ஆறு பள்ளிகளில் படித்தாள். இந்தியாவுக்கு வெளியே கேந்திரிய வித்யாலயா இருப்பது காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் மூன்றில்தான். அந்த மூன்றும் எனக்கு வாய்க்கவில்லை.

ஆக, ஒரு தூதரகத்தில் இந்தியாவிலிருந்து போன அத்தனை பேருமே விருந்தாளிகள். தூதர் உட்பட. இன்றைக்கு ஒரு பிரச்சினையின் கழுத்தைப் பிடித்திருக்கிறவர் அடுத்த மழைக்காலத்தில் வேறு கண்டத்தில் இருப்பார். அங்கேயே தங்குவது இரண்டுதான்: கோப்பும், லோக்கல் ஸ்டாஃபும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் 'நான்' இல்லாமல் எழுதுவதில் கெட்டிக்காரனாகிவிட்டேன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் உச்சம் நோட் வெர்பால். ஒரு தூதரகம் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதும் கடிதம். படர்க்கையில் எழுத வேண்டும். இன்ன தூதரகம் இன்ன அமைச்சகத்துக்குத் தன் வணக்கங்களைத் தெரிவித்துக்கொண்டு என்று தொடங்கி, தன் உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிப்படுத்த இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று முடிக்க வேண்டும். நடுவில் விமான நிலையத்தில் ஒரு பார்சல் பிடிபட்ட சங்கதி இருக்கலாம், எல்லையில் சுட்ட சங்கதியும் இருக்கலாம். தலையும் வாலும் மாறாது. அடியில் கையெழுத்து கிடையாது. முத்திரை குத்தி, ஓரத்தில் யாருடையது என்று தெரியாத ஒரு சுருக்கொப்பம். முதல் முறை ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தபோது எனக்குக் கோயில் கல்வெட்டு ஞாபகம் வந்தது. பிறகு கல்வெட்டிலாவது வெட்டியவன் பெயர் சில சமயம் இருக்கும் என்று தோன்றியது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அரசாங்கம் பேசும்போது அசிஸ்டென்ட் பேசக்கூடாது. என் கோபம், என் இரக்கம், என் ஊர்ப் பாசம் எதுவும் இன்னொரு நாட்டின் மேஜைக்குப் போகக்கூடாது. அந்தத் தஞ்சாவூர்க்காரர் கற்றுக் கொடுத்தது தப்பில்லை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அரசுக்கு எழுதும் எழுத்து வேறு, நமக்குப் பின்னால் வந்து அதே நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு எழுதும் எழுத்து வேறு.

செய்தவர் இல்லாத வாக்கியம் எவ்வளவு வசதியானது என்பதற்கு எங்கள் பணியிலேயே பெரிய சாட்சி சி.பி. முத்தம்மாவின் வழக்கு. குடகில் பிறந்து, சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜில் படித்து, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். திருமணம் செய்யப் பெண் அதிகாரி முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்று அரசு கருதினால் பதவி விலகும்படி 'கோரப்படலாம்' என்று விதி இருந்தது. யார் கோருவார், அரசில் யார் கருதுவார் என்று விதியில் தேடினால் ஆள் அகப்படமாட்டார். ஹங்கேரிக்குத் தூதராகவும் போய் வந்த அந்த அம்மா, பதவி உயர்வில் பாரபட்சம் காட்டப்பட்டது என்று தன் பெயரைப் போட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் அந்த விதிகளை வெளுத்து வாங்கினார். தீர்ப்பைப் படிக்க விரும்புகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது, அந்த விதிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். 2001இல் ஒரு வளைகுடா நாட்டுக்குப் போனேன், தொழிலாளர் நலப் பிரிவுக்கு. எந்த நாடு என்பது இங்கே முக்கியமில்லை. காலை ஏழரைக்கே கவுன்டருக்கு வெளியே வரிசை நிற்கும். அரபி முதலாளியிடம் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள், ஓடிப்போனதாகப் புகார் செய்யப்பட்டவர்கள், சம்பளம் எட்டு மாதமாக வராதவர்கள். ஊருக்குத் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் எமர்ஜென்சி சர்டிபிகேட்டுக்கு அங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'அவுட் பாஸ்'. நான் தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முகம் மாறும். சார் அண்ணனாகிவிடும்.

கூடவே மரணங்கள். உடலை ஊருக்கு அனுப்புவதில் எந்தக் காகிதத்துக்குப் பின் எந்தக் காகிதம் என்று தூக்கத்திலும் சொல்வேன்: ஆஸ்பத்திரிச் சான்று, போலீஸ் தாள், ஊரிலிருந்து குடும்பத்தின் சம்மதக் கடிதம், பாஸ்போர்ட்டை ரத்து செய்தல், தூதரகத்தின் தடையின்மைக் கடிதம், பதப்படுத்திய சான்று, விமானச் சரக்கு. உடல் போன பிறகுதான் நீண்ட வேலை தொடங்கும். பாக்கிச் சம்பளம், விபத்து என்றால் நஷ்டஈடு. அது அந்த ஊர் கோர்ட்டில் ஒரு வருஷமும் ஆகும், நாலு வருஷமும் ஆகும்.

தமிழ்நாட்டுக்காரர் செத்தால் ஒரு தனிச் சிக்கல், பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள். அதைக் குடும்பப் பெயர் என்று அங்கே எடுத்துக்கொண்டு, செத்தது அப்பாவா பிள்ளையா என்று குழம்பும் அளவுக்கு அரபியில் பதிவு செய்வார்கள். ரேஷன் கார்டில் ஒரு எழுத்துக்கூட்டல், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் இன்னொன்று, பேங்க் புத்தகத்தில் மூன்றாவது. தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே பெயர். ஆங்கிலத்தில் மூன்று பேர்.

ராமநாதபுரம் மாவட்டத்துப் பையன் ஒருவன் சாலை விபத்தில் போனான். இருபத்தாறு வயது. வாரிசு, அம்மா மட்டும். தாய்மாமன்தான் போனில் பேசுவார். வாரம் ஒரு முறை, எஸ்.டி.டி. பூத்திலிருந்து. "அக்காவுக்குப் பேச வராது சார், பக்கத்துலதான் நிக்குது" என்பார். அந்த அம்மாளின் பெயரில் இரட்டித்து வர வேண்டிய மெய்யெழுத்து வாரிசுச் சான்றிதழின் ஆங்கிலத்தில் ஒற்றையாக விழுந்திருந்தது. நான் பார்த்தேன். கோர்ட் குமாஸ்தாவும் சொன்னார். புதுச் சான்றிதழ் வாங்கி அனுப்பும்படி மாமனிடம் போனிலேயே சொன்னேன். சரி சார் என்றார். அந்த மாதமே எனக்கு மாற்றல் ஆணை வந்தது.

விட்டுப் போகிறவன் ஹேண்டிங் ஓவர் நோட் எழுத வேண்டும். பதினான்கு பக்கம் எழுதினேன். சிங்க முத்திரை போட்ட தட்டுகளின் எண்ணிக்கை, சில்லறைப் பணக் கணக்கு, பாக்கி ரசீதுகள், நடப்பு வழக்குகள் அறுபத்திமூன்று. அந்தப் பையனின் வழக்குக்கு நேரே நான் எழுதியது இது: 'வாரிசு விவரங்கள் சரிபார்க்கப்பட்டன. திருத்தம் கோரப்பட்டுள்ளது.' அழகான வாக்கியங்கள். தஞ்சாவூர்க்காரர் பார்த்திருந்தால் ஒரு பென்சில் கோடு போட்டிருக்கமாட்டார்.

எனக்குப் பின் வந்தவர் முதல் வாக்கியத்தை நம்பினார். எந்தத் திருத்தம், யாரிடம் கோரியது, எழுத்திலா வாயிலா, ஒன்றும் என் குறிப்பில் இல்லை. தீர்ப்பு வந்து, பணம் பழைய பெயருக்கே டிராஃப்டாகப் போனது. பேங்க் திருப்பியது. டிராஃப்ட் காலாவதியாகி, மறுபடி கோர்ட் கணக்கு, மறுபடி கடிதம். பதினாலு மாதம். வேறொரு நாட்டில் எனக்கு இது தெரிய வந்தது எப்படியென்றால், அந்த மாமன் என் புது நம்பரை எங்கிருந்தோ பிடித்துக் கூப்பிட்டார். திட்டவில்லை. "நீங்க இருந்திருந்தா நடந்திருக்கும் சார்" என்றார். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு என் ஒப்படைப்புக் குறிப்புகள் மாறின. 'மாமனிடம் போனில் நான் சொன்னேன், கடிதம் போடவில்லை, இன்னும் வரவில்லை' என்று எழுத ஆரம்பித்தேன். மேலதிகாரி ஒருவர் இது டைரி மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார். நோட் வெர்பாலில் கடைசிவரை ஒரு 'நான்' நுழைய நான் விட்டதில்லை, ஒப்படைப்புக் குறிப்பில் மட்டும் அதை நுழைய விட்டேன். கடைசிப் பத்து வருஷம், அண்டர் செக்ரட்டரி ஆன பிறகு, என் கீழே வந்த பிள்ளைகளுக்கு நான் கற்றுக் கொடுத்ததும் இந்த ஒன்றுதான்: செயப்பாட்டு வினையைப் பார்த்தால் 'யார்' என்று பென்சிலால் ஓரத்தில் எழுது. இப்போது தாள் போய் இ-ஆபீஸ் வந்துவிட்டது, 2015இல் குறைகளுக்காக 'மதத்' என்ற இணையதளம் வந்தது. புகார் எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்று அதில் தெரியும். போனில் பேசியது அதிலும் தெரியாது.

போன வருஷம் ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறேன். ஒரு மத்தியானம் வெளிநாட்டு நம்பரிலிருந்து போன். அதே வளைகுடாத் தூதரகம். குரலில் இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, மதுரைப் பக்கம்.

"வணக்கம் சார். நீங்க 2004ல எழுதின ஹேண்டிங் ஓவர் நோட் ஸ்கேன் பண்ணது இங்க இருக்கு. ஒருத்தர் 1990ல இறந்த அவங்க அப்பாவோட டெத் ரெஜிஸ்டர் நகல் கேக்குறாரு, பட்டா மாத்தணுமாம். பழைய ரெஜிஸ்டர் எல்லாம் ஸ்டோர் ரூம் பச்சை அலமாரிலன்னு எழுதியிருக்கீங்க. அலமாரி இருக்கு சார், பூட்டியிருக்கு."

"சாவி?"

"'சாவி ஒப்படைக்கப்பட்டது'ன்னு மட்டும் இருக்கு சார். யார்கிட்ட?"

எனக்கு அந்த ஸ்டோர் ரூமின் வாசனைகூட ஞாபகம் இருந்தது. திரூர்க்காரர், இருபத்திரண்டு வருஷமாக அங்கே குமாஸ்தா, எந்தக் கோப்பு எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தூதரிலிருந்து டிரைவர்வரை அவரைக் கூப்பிடுவது ஒரே பெயரில். அவரிடம்தான் கொடுத்தேன், கடைசி நாள் சாயங்காலம், டீ குடித்துக்கொண்டே.

"இக்காகிட்ட கொடுத்தேன் தம்பி" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. தாளைப் புரட்டும் ஒலி.

"இக்கா யாரு சார்? ஸ்டாஃப் லிஸ்ட்ல அப்படி ஒரு பேரே இல்லையே."